சுகர் மீட்டர் சொல்வது சரிதானா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மீட்டர் தப்பான எண் காட்டினால் மீட்டருக்கு ஒன்றும் ஆகாது. அந்த எண்ணை நம்பி நாலு யூனிட் இன்சுலின் கூட்டிப் போட்டுக்கொண்டவருக்குத்தான் ஆகும். அதனால் எதிர்பாராத எண் வந்தால், மருந்தில் கை வைக்கும் முன் கோளாறு எங்கே என்று தேட வேண்டும். அது விரலில் இருக்கலாம், ரத்தத் துளியில் இருக்கலாம், ரத்தம் வைக்கும் பட்டையான ஸ்ட்ரிப்பில் இருக்கலாம், மீட்டரில் இருக்கலாம், பார்த்த நேரத்தில் இருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் உடம்பின் கணக்கு.

கரோல் பாக், ஆர்.கே. புரம், முனிர்கா, மயூர் விஹார் என்று டெல்லியில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு ஊர் வானிலையும் ஒரு எதிரி. பெரும்பாலான மீட்டர்கள் சுமார் 10 முதல் 40 டிகிரி சூட்டுக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். இங்கே ஜனவரி விடியலில் 5, 6 டிகிரிக்கு இறங்கும். மே மாத மதியம் 45-ஐத் தொடும். சென்னையில் பத்து வருடம் தொல்லை தராத மீட்டர் இங்கே வந்ததும் அடம்பிடிப்பது இதனால்தான்.

கீழே உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அதற்கு நேராகப் போங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும்.

கை நடுங்குகிறது, வியர்க்கிறது, படபடப்பு. எண் 70-க்குக் கீழே, அல்லது மீட்டரே ஒத்துழைக்கவில்லை

இந்த ஒரு நிலையில் மட்டும் மீட்டரோடு மல்லுக்கட்டக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு இந்த அறிகுறிகள் வந்தால், ஸ்ட்ரிப் கிடைக்கவில்லை என்றாலும் முதலில் இனிப்பு. 15 கிராம் குளுக்கோஸ் வேண்டும்: குளுக்கோஸ் பொடி 3 தேக்கரண்டி நிறைய எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். அது இல்லையென்றால் சர்க்கரை 3 முதல் 4 தேக்கரண்டி, அல்லது சர்க்கரை சேர்த்த பழச்சாறு 150 மில்லி. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ நாலு பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும்; இல்லாவிட்டால் திரும்ப இறங்கும்.

சாக்லேட், பால்கோவா, லட்டு இவற்றைக் கொடுக்காதீர்கள். கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் ஏறத் தாமதமாகும், அந்த இருபது நிமிடம்தான் முக்கியம்.

மாத்திரைச் சீட்டில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளில் மூன்றாவது பெயராக ஒளிந்திருக்கும். இந்த மருந்துகள் நாம் போடும் சர்க்கரையைக் குடலில் உடைக்க விடாமல் தடுப்பவை. இவற்றை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால், அதாவது 'லோ' ஆகிவிட்டால், சீனி கரைத்துக் கொடுத்துப் பயனில்லை. குளுக்கோஸ் பொடிதான் வேலை செய்யும். அந்த வீட்டில் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் எப்போதும் இருக்க வேண்டும், பயணப் பையில் இன்னொன்று.

ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரலால், அட்டெனலால் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். டிசம்பர் குளிரில் ஒருவருக்கு நெற்றி வியர்க்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்காமல் சர்க்கரை பாருங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 112 அல்லது 102 அழையுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரையால் வந்த லோ, ஒரு முறை சரியானாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடியது. வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் சரியாகிவிட்டது என்று வீட்டிலேயே இருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது.

அறிகுறி இருக்கிறது, மீட்டர் 120 என்கிறது? நீண்ட நாள் 300-லேயே இருந்தவர்களுக்குச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது இப்படித் தோன்றும். கையைக் கழுவி இன்னொரு முறை பார்த்து, அதே எண் வந்தால் இனிப்பு வேண்டாம். சற்று உட்கார்ந்தால் போகும்.

குத்தினால் ரத்தம் வரவில்லை, வந்தாலும் போதவில்லை

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை டெல்லியில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். குளிரில் விரல் நுனி ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. குழாயில் வரும் பச்சைத் தண்ணீரில் கழுவினால் இன்னும் சுருங்கும். துளி வராததால் விரலைப் பிழிகிறோம்; பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து வரும், எண் தப்பும். ஸ்ட்ரிப் பாதி நிறைந்து மீட்டர் பிழை காட்டும். ஒரு காலையில் மூன்று ஸ்ட்ரிப் வீண்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். கீசர் தண்ணீரை வெதுவெதுப்பாக விளாவி அரை நிமிடம் கையைக் காட்டுங்கள். கை மரத்துப்போகும் தொல்லை உள்ளவர் என்றால் சூட்டை வீட்டில் இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹீட்டரிலும் அங்கீட்டி என்ற கரி அடுப்பிலும் அவர் கையைக் காட்டவே கூடாது, சுட்டுக்கொண்டது தெரியாது. சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் துளி குண்டாக நிற்காமல் பரவி வழியும், தண்ணீர் கலந்து எண்ணும் குறையும். பிறகு கையைத் தொடைக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து விநாடி தொங்கவிடுங்கள். உள்ளங்கையிலிருந்து விரலின் அடிவரை மெல்ல நீவிக் கொண்டுவாருங்கள்.

குத்தும் இடம் விரலின் நடு மெத்தை அல்ல, நகத்துக்குப் பக்கவாட்டு ஓரம். அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், வலியும் குறைவு. மோதிர விரலும் நடுவிரலும் வசதி. ஒரே விரலில் தினமும் குத்தினால் தோல் காய்த்துப் பிறகு எந்த லான்செட்டும் (குத்தும் ஊசி) இறங்காது. மாற்றி மாற்றிக் குத்துங்கள். குத்தும் பேனாவில் ஆழ எண் இருக்கும். 2 அல்லது 3-ல் தொடங்கி, போதவில்லை என்றால் ஒரு படி மட்டும் கூட்டுங்கள். பேனாவை அழுத்தமாக வைத்து விசையைத் தட்ட வேண்டும். பட்டும் படாமல் வைத்தால் பாதி ஆழம்தான் போகும்.

லான்செட் ஒவ்வொரு முறையும் புதிது. இரண்டாவது தடவையிலேயே முனை மழுங்கத் தொடங்கும், வலி கூடும், ரத்தம் குறையும். கணவன் மனைவி இருவருக்கும் சர்க்கரை என்று ஒரே ஊசியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி இந்த வழியாக வீட்டுக்குள் பரவக்கூடும். குத்தும் பேனாவையே ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

துளி வந்ததும் ஸ்ட்ரிப்பின் வாயைத் துளியின் ஓரத்தில் தொட்டால் போதும், தானே உறிஞ்சும். மேலிருந்து பூசக் கூடாது. முதலில் கொஞ்சம் வைத்து, போதவில்லை என்று இரண்டாவது துளியைச் சேர்ப்பதைப் பல மீட்டர்கள் ஏற்காது. சந்தேகம் என்றால் புது ஸ்ட்ரிப்தான் வழி.

திரையில் எண் வராமல் 'எர்' என்று வருகிறது, அல்லது வெப்பமானிப் படம் தெரிகிறது

பிழை எண்களின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் வந்த தாளைத் தூக்கிப் போடாமல் மீட்டர் பையிலேயே மடித்து வையுங்கள். ஆனால் காரணங்கள் நாலைந்துதான்: துளி போதவில்லை, துளியை முன்கூட்டியே வைத்துவிட்டோம், ஸ்ட்ரிப் ஏற்கெனவே பயன்பட்டது அல்லது ஈரம் ஏறியது, பேட்டரி இறங்கிவிட்டது, சூடு எல்லைக்கு வெளியே.

வெப்பமானிப் படம் வந்தால் மீட்டரும் ஸ்ட்ரிப் டப்பாவும் படுக்கும் அறையிலேயே இருக்கட்டும், பால்கனி பக்கத்து அலமாரியில் வேண்டாம். காலையில் இரண்டையும் ஸ்வெட்டர் பையில் இருபது முப்பது நிமிடம் வைத்திருந்து பிறகு பாருங்கள். ஹேர் டிரையர், ஹீட்டர் முன்னால் காட்டிச் சூடேற்றாதீர்கள். மீட்டர் ஒரு சூட்டிலும் ஸ்ட்ரிப் இன்னொரு சூட்டிலும் இருந்தால் எண் வரும், ஆனால் தப்பாக வரும். பிழை காட்டுவதைவிட அது மோசம்.

பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032 என்ற வட்ட வில்லை. மாற்றியவுடன் தேதியையும் நேரத்தையும் சரிபார்க்க மறக்காதீர்கள். காலை, மாலை தலைகீழானால் மீட்டர் நினைவில் இருக்கும் வெறும் வயிற்று எண்கள் எல்லாம் மாலை ஆறு மணி எண்களாகிவிடும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார்.

பழைய மாடல் மீட்டர்களில் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு குறியீட்டு எண்ணோ சிப்போ உண்டு. டப்பா மாறியும் சிப் மாறவில்லை என்றால் எல்லா எண்ணும் ஒரே பக்கமாகச் சாயும்.

எண் திடீரென்று மிக அதிகம், ஆனால் ஆள் நன்றாக இருக்கிறார்

முதல் சந்தேகம் விரல் மேல். குளிர்காலத்தில் மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து கின்னோ ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டுவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்படியே விரலைக் குத்தினால் என்ன ஆகும்? ஸ்ட்ரிப் உறிஞ்சுவது அரை மைக்ரோலிட்டர் அளவு ரத்தம். சர்க்கரை 100 என்றால் அந்தத் துளியில் இருக்கும் மொத்த குளுக்கோஸ் அரை மைக்ரோகிராம்தான். கண்ணுக்குத் தெரியாமல் தோலில் காய்ந்த பழச்சாறு அதைவிட அதிகம் வைத்திருக்கும். 100 இருக்க வேண்டியது 200-ஐத் தாண்டிப் போவது இப்படித்தான். திராட்சை, வாழைப்பழம், தேன், கோயில் பஞ்சாமிர்தம் எல்லாம் இதே கதை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போகும் என்று நினைக்காதீர்கள்; ஸ்பிரிட் சர்க்கரையைச் சரியாகக் கரைக்காது. சோப்பும் தண்ணீரும்தான் போக்கும்.

வெளியூர்ப் பயணத்தில், ரயிலில், கழுவ வழியில்லை என்றால் முதல் துளியைச் சுத்தமான பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்துங்கள். கை நன்றாகக் கழுவி உலர்ந்திருந்தால் முதல் துளியே போதும்.

கழுவிய பிறகும் அதிகம் என்றால் ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். ஸ்ட்ரிப்பில் இருப்பது நொதி. சூடும் ஈரமும் பட்டால் கெடும். கெட்டால் எண் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். டெல்லி வெயில் காலத்தில் இதற்கு ஒரு தனி வழி உண்டு: ஏர் கூலர். கூலர் ஓடும் அறையில் காற்று முழுக்க ஈரம். மேசை மேல் மூடி சரியாக மூடாத ஸ்ட்ரிப் டப்பா ஒரு ராத்திரி இருந்தால் அத்தனையும் போச்சு. அந்த டப்பாவின் மூடியிலோ சுவரிலோ ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. அதனால்தான் ஒன்றை எடுத்ததும் டக்கென்று மூட வேண்டும், வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. ஃபிரிட்ஜிலும் வேண்டாம், வெளியே எடுக்கும்போது பனி படியும். மே, ஜூனில் ஆன்லைனில் வாங்கிய பார்சல் மத்தியான வெயிலில் பைக் பெட்டியில் சுற்றி வந்திருக்கும். அந்த இரண்டு மாதமும் ஏசி உள்ள மருந்துக் கடையில் நேரில் வாங்குவதே மேல். டப்பா திறந்த தேதியை ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். திறந்த பின் எத்தனை மாதம் என்பது லேபிளில் இருக்கும். சிலவற்றுக்கு 3 மாதம், சிலவற்றுக்கு 6.

ஸ்ட்ரிப் நல்லதா என்று சோதிக்கக் கம்பெனியே கண்ட்ரோல் திரவம் விற்கிறது. ரத்தத்துக்குப் பதில் அதில் ஒரு துளி வைத்தால், டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் எண் வர வேண்டும். வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துச் சோதிப்பது பயனற்ற வேலை. ஸ்ட்ரிப் தேடுவது குளுக்கோஸை, நாம் கரைத்தது சுக்ரோஸ்.

ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் எண்ணைக் கூட்டிக் காட்டும். சிவப்பணு அளவுக்கு மீறி இருப்பவர்களுக்குக் குறைத்துக் காட்டும். அதிக அளவு வைட்டமின் சி எடுப்பவர்களுக்கும் எண் தப்பலாம். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்தினால் சில வகை ஸ்ட்ரிப்புகள் பொய்யாக மிக அதிகம் காட்டும். அந்தப் பொய் எண்ணுக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்த ஸ்ட்ரிப் சரி என்று டயாலிசிஸ் பிரிவில் கேட்டே வாங்க வேண்டும்.

அடுத்தடுத்து இரண்டு முறை பார்த்தால் இரண்டு எண்

138, உடனே 151. இது கோளாறு இல்லை. மீட்டர்களுக்கான 2013-ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ 15197 சர்வதேசத் தரப்படி, 100-க்கு மேல் உள்ள எண்களில் 95 சதவீதம் ஆய்வுக்கூட அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள்ளும், 100-க்குக் கீழ் என்றால் 15 மில்லிகிராமுக்குள்ளும் இருந்தால் போதும். அதாவது உண்மையில் 200 இருப்பவருக்கு 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அந்த மீட்டர் தேறிவிடும். ஐந்து புள்ளி ஏறியதற்கு வருத்தப்பட்டு ராத்திரி சாப்பாட்டை விடும் அப்பாக்களுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். வித்தியாசம் 40, 50 என்றால்தான் விரலையும் ஸ்ட்ரிப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

லேப் ரிப்போர்ட் ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறு சொல்கிறது

ஒப்பிடும் முறையே பெரும்பாலும் தவறு. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் எடுத்து, இன்னும் பத்து வீடு ஏறி இறங்கி, லேபுக்குப் போய்ச் சேர மணி பதினொன்று ஆகலாம். சோதனைக் குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். எதுவும் சேர்க்காத குழாயில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு சேர்த்த சாம்பல் நிற மூடிக் குழாய். ரத்தம் எடுக்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள், தயங்காமல் கேளுங்கள்.

சரியாக ஒப்பிட: வெறும் வயிற்றில், கை நரம்பில் ரத்தம் எடுத்த ஐந்து பத்து நிமிடத்துக்குள் விரலில் குத்தி மீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். லேப் 140 என்றால் மீட்டர் 119 முதல் 161 வரை வரலாம். சாப்பிட்ட பின் ஒப்பிடக் கூடாது. அப்போது விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை, கை நரம்பு ரத்தத்தில் இருப்பதைவிட 20, 30 கூடத்தான் இருக்கும். திசுக்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நரம்பு வழியே திரும்புகிறது.

ஒன்று உறுதியாக: ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா இல்லையா என்பதை மீட்டரை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதற்கு லேப் சோதனைதான்.

5.8, 9.4 என்று புள்ளி வைத்து வருகிறது

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவினர் வாங்கி வந்த மீட்டராக இருக்கும். அங்கே அளவு மில்லிமோலில். 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு: 5.5 என்பது 99, 10 என்பது 180. அம்மா 9.4-ஐப் பார்த்து 94 என்று நினைத்தால் உண்மையில் அது 169. பல மீட்டர்களில் அளவை மாற்ற முடியாது, ஸ்ட்ரிப்பும் இங்கே கிடைக்காது. இங்கே விற்கும் ஒரு மீட்டருக்கு மாறிவிடுவதுதான் நிம்மதி.

பகலில் சரி, காலை வெறும் வயிற்றில் மட்டும் அதிகம்

ராத்திரி பட்டினி கிடந்தும் காலையில் 165 வந்தால் யாருக்கும் மனம் உடையும். இரண்டு மூன்று நாள் மட்டும் அலாரம் வைத்து, படுக்கும் முன், அதிகாலை மூன்று மணி, காலை ஏழு மணி என்று மூன்று முறை பாருங்கள். காரணம் அந்த மூன்று எண்ணிலேயே தெரிந்துவிடும்.

130, 125, 165 என்று வந்தால் விடியற்கால ஹார்மோன்கள் ஈரலிலிருந்து குளுக்கோஸை இறக்கிவிடுகின்றன. உங்கள் தவறு எதுவும் இல்லை. இரவு உணவை விட்டுவிட்டாலும் இது நிற்காது, மருந்தின் நேரமோ அளவோ மாற வேண்டும். 210, 195, 190 என்றால் இரவுச் சாப்பாடுதான் காரணம். அலுவலகத்திலிருந்து மெட்ரோவில் வந்து சேர்ந்து பத்தரை மணிக்குச் சாப்பிடும் வீட்டில் இது சகஜம்; எட்டு மணிக்குள் சாப்பிட முடிந்தால் ஒரு வாரத்தில் எண் இறங்கத் தொடங்கும். 130, 62, 170 என்றால் தூக்கத்தில் லோ ஆகிறது. காலை எண்ணைப் பார்த்து ராத்திரி இன்சுலினைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாப்பிட்ட பின் பார்க்கும் இரண்டு மணி நேரம், முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து இல்லை. பொதுவாக, சாப்பிடும் முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள். கர்ப்பிணிகளுக்கு எல்லை இறுக்கம்: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். எண்பது வயதுத் தாத்தாவுக்கு டாக்டர் வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருப்பார். அதை நாமாக இறுக்கக் கூடாது.

வீட்டு எண்கள் எல்லாம் நன்றாக, ஹெச்பிஏ1சி மட்டும் 8

ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை. அதில் 8 என்றால் சராசரி சுமார் 183. 7 என்றால் 154. தினமும் காலை 120 மட்டுமே எழுதியிருக்கும் நோட்டோடு இது ஒத்துப்போகாது. வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர்களுக்கு மதியச் சோறும் மாலை டிபனும் ஏற்றும் சர்க்கரை கண்ணில் படுவதே இல்லை. ஸ்ட்ரிப் விலை அதிகம்தான். அதனால் கூடுதலாக வாங்காமல் மாற்றிப் பாருங்கள். திங்கள் காலை உணவுக்கு முன்னும் பின்னும், வியாழன் மதியத்துக்கு முன்னும் பின்னும், ஞாயிறு இரவுக்கு முன்னும் பின்னும். வாரம் ஆறு ஸ்ட்ரிப்பில் முழு நாளும் தெரியும். (இன்சுலின் போடுபவர்களுக்கு இது போதாது.)

எல்லா நேரமும் நன்றாக இருந்தும் ஹெச்பிஏ1சி அதிகம் என்றால் இரும்புச்சத்துக் குறைவு அதைப் பொய்யாகக் கூட்டலாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவர், ரத்தம் இழந்தவருக்கு அது பொய்யாகக் குறையும்.

இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை

மருந்தைக் கூட்டும் முன் வயிற்றைத் தடவிப் பாருங்கள். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் மெத்தென்ற கட்டி உருவாகும். அங்கே வலி குறைவு என்பதால் கை தானாக அங்கேயே போகும், ஆனால் இன்சுலின் ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் இறங்காது. இடத்தை மாற்றுங்கள். மாற்றிய முதல் நாட்களில் லோ ஆகலாம், ஏனென்றால் இப்போதுதான் முழு மருந்தும் உள்ளே போகிறது; டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுவது நல்லது.

சிரிஞ்சின் மூடி நிறம் அடுத்தது. நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 40 மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு எடுத்தால் 50 யூனிட் போய்விடும். இந்தக் கட்டுரையில் சொல்லும் பிழைகளில் இதைவிட ஆபத்தானது வேறு இல்லை. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வராமல் பாட்டிலையும் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பால் போன்ற கலவை இன்சுலினை உள்ளங்கையில் பத்து முறை உருட்டி, பத்து முறை மெல்லத் தலைகீழாக்கிச் சீராகக் கலக்க வேண்டும். இன்சுலின் பேனா என்றால் 2 யூனிட் காற்றில் விட்டுப் பார்த்து, குத்திய பின் பத்து எண்ணி ஊசியை எடுங்கள்.

டெல்லியில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அறையில் வைத்த இன்சுலின் வீணாகும். ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். பின் சுவரை ஒட்டி வைத்தால் உறையும், உறைந்ததைத் தூக்கி எறிய வேண்டும். கரண்ட் போனால் மட்கா கை கொடுக்கும்: தண்ணீர் நிறைந்த மண்பானையில், மூடிய சிறு டப்பாவுக்குள் பாட்டிலைப் போட்டு மிதக்க விடலாம். திறந்த பாட்டில் பொதுவாக 28 நாள்.

'ஹை' என்று வருகிறது, அல்லது 300-க்கு மேல், கூடவே வாந்தி

பெரும்பாலான மீட்டர்களில் 'ஹை' என்றால் 600-க்கு மேல். கையைக் கழுவி ஒரே ஒரு முறை மறுபடி பாருங்கள். மறுபடியும் 'ஹை' என்றால் உடனே மருத்துவமனை, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 300-க்கு மேல் இருந்து வாந்தி, வயிற்று வலி, இழுத்து இழுத்து மூச்சு, பழ வாடை, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அப்படியே. வாந்தி எடுக்கிறார், சாப்பிடவில்லை என்று இன்சுலினை அடியோடு நிறுத்தி விடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு மீட்டர் 180 காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். அவர்களுக்கு வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். மாத்திரைப் பெயரை மருத்துவமனையில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் காட்டும்போது குழப்பம்

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரைத் தனியாக அனுப்பும் வீடுகளுக்கு இது. டாக்டர் 'காலி பேட்' என்றால் வெறும் வயிறு, 'கானே கே பாத்' என்றால் சாப்பிட்ட பின். 'கல்' என்றால் இந்தியில் நேற்றும்தான், நாளையும்தான். அந்த ஒரு வார்த்தையில் ஒரு நாள் மருந்து மாறிப்போகும். அதனால் நோட்டில் தேதி, மணி, எண், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், போட்ட மருந்தின் அளவு ஐந்தையும் எழுதுங்கள். லோ ஆன நாளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். பயன்படுத்திய லான்செட்டும் ஊசியும் அந்தப் பையில் சேர வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டி, மேலே இந்தியில் 'சூயி' (ஊசி) என எழுதி, குப்பை எடுக்க வருபவர் கையில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். அவர் வெறும் கையால்தான் பிரிக்கிறார்.